பொறுமையைக் கீறச் சொன்னால் பஸ்ஸைக் கீறும் பிள்ளைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கோபத்தோடு எழுதும் பதிவு. கடலும் காற்றும் சாப்பாட்டுப் படமும் தேடி வந்தவர்கள் போன மாதப் பதிவுக்குப் போகலாம், அங்கே நண்டுக்கறி இருக்கிறது.

நான் மோட்டார்சைக்கிள் ஓடப் பழகாதவள். கோப்பாயில் வீடு, யாழ்ப்பாண நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லீவு கிடைத்தால் குடாநாட்டுக்குள் பஸ்ஸில் போய்வந்து எழுதுவேன். இந்தப் பதிவுகளைப் படிக்கும் ஆசிரியைகள் இரண்டு பேர் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: தென்மராட்சிக் கரையோரம் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறதாம், மாதத்துக்கு ஒரு நற்பண்பை எடுத்து எல்லாப் பாடத்தையும் அதை வைத்துச் செய்கைகளாகவே படிப்பிக்கிறார்களாம், எப்படிப் போவது, போய்ப் பார்க்க விடுவார்களா? வைகாசியில், சோளகக் காற்றுத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். பள்ளிக்கூடத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் தொல்லை வருவது எனக்கல்ல, அங்கே படிப்பிக்கிறவர்களுக்கு. உண்மையிலேயே போக விரும்புகிறவர்கள் கீழே கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன்.

கோப்பாய்ச் சந்தியில் காலை 5.20க்கு நகரத்துக்கு பஸ். நகரத்தில் 5.50க்குக் கொடிகாமம் பஸ், நூற்றிருபது ரூபா. யன்னலோரம் இடம் கிடைத்தது. 6.45க்குக் கொடிகாமம் சந்தையடியில் இறங்கினேன். அந்த நேரத்திலேயே தேங்காய்க் குவியலும் கத்தரிக்காய் மூட்டையும் லொறிக்காகக் காத்துக்கிடந்தன. ஒரு பிளேன்ரீயும் ஒரு வாய்ப்பனும் உள்ளே போயின. வாய்ப்பன் சூடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. கோபம் அதற்குப் பிறகுதான்.

7.00 மணிக்கு ஊருக்குள் போகும் மினிபஸ். காலையில் அந்த வீதியில் ஓடுவது அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் எட்டுக் கிலோமீற்றர், ஐம்பது ரூபா. ஐந்தாவது கிலோமீற்றரில் மதகடி என்றொரு தரிப்பு. பெரிய மதகு, அதற்குப் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டத்து வீடுகள், பிறகு இரண்டு பக்கமும் பற்றைக்காடு. தரிப்பில் வெள்ளைச் சீருடையோடு நான்கு பிள்ளைகள் நின்றன. மூன்று பொடிசுகள், அவற்றைக் கையில் பிடித்தபடி ஒரு பெரிய பிள்ளை. பெரியது என்றால் ஒன்பது வயது இருக்கும். கையைக் காட்டினாள். கொண்டக்டர் கதவில் தட்டிச் சொன்னான்:

"இழு அண்ணை, இழு."

பஸ் இழுத்தது. செம்புழுதி எழும்பிப் பிள்ளைகள் மறைந்துபோனார்கள்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, பிள்ளையளெல்லோ நிண்டது! ஏன் ஏத்தேல்லை?" என்று கேட்டேன்.

"உதுகள் அரை ரிக்கற் அக்கா. நாலையும் ஏத்தி இறக்கிறதுக்குள்ளை எங்கடை நேரம் போயிடும்."

"அப்ப உதுகள் எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது?"

"நடப்பினம். பழக்கம்தானே."

பழக்கமாம்! பஸ்ஸில் இருபது பேராவது இருந்திருப்போம். ஒருவர் போனைப் பார்த்தார், ஒருவர் பற்றையைப் பார்த்தார், ஓர் அம்மா தன் மடியிலிருந்த பையின் பட்டியைச் சரிசெய்தா. வாயைத் திறந்தது நான் ஒருத்திதான். நானும் பஸ் கடந்த பிறகுதான் திறந்தேன் என்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பெயர்ப்பலகையில் இன்னும் 'றோ.க.த.க. பாடசாலை' என்று இருக்கிறது, றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன். மிஷன் கட்டியது, பிறகு அரசாங்கம் எடுத்தது, கோயில் மட்டும் அதே வளவுக்குள் இருக்கிறது. அறுபது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மேல். பாதி கத்தோலிக்கப் பிள்ளைகள், பாதி சைவப் பிள்ளைகள். காலையில் ஒரு செபம், அதோடு ஒரு தேவாரம், இரண்டையும் எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் பாடுகிறார்கள். நான்காம் வகுப்பு றெஜினா டீச்சர்தான் இந்த முறையைத் தொடங்கியவ. நாற்பது வயது மதிக்கலாம், குரல் மட்டும் நல்ல உரம். என்னைப் பார்த்ததும், "போன் எடுத்துப் படம் பிடிக்கிறதெண்டா வெளியிலை நில்லுங்கோ. பார்க்கிறதெண்டா உள்ளுக்கை வந்து இருங்கோ" என்றா. உள்ளே போய் இருந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, நான் படித்த காலத்தில் இப்படியொரு பள்ளிக்கூடம் இருந்திருந்தால் கணக்கில் இவ்வளவு கேவலப்பட்டிருக்க மாட்டேன். பகிர்வு மாதம், பின்னக் கணக்கு முழுக்கப் பப்பாப்பழத்தை வெட்டித்தான் படித்தார்களாம். எட்டில் ஒன்று, நான்கில் ஒன்று, கடைசியில் சரியாகப் பங்கு பிரிக்காத குழுவுக்குத் தோல்தான் மிச்சம். உண்மை மாதம், ஒவ்வொருவரும் தன் சொந்த உயரத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சுவரில் கீறவேண்டும். இந்த மாதம் பொறுமை. தேங்காய்ச் சிரட்டைகளில் கீரை விதைத்திருக்கிறார்கள், தினமும் அளக்கிறார்கள். ஒரு பெடியன் முளை வந்துவிட்டதா என்று தோண்டித் தோண்டிப் பார்த்து மூன்று தரம் விதை போட்டானாம். ஒவ்வொரு நாளும் முதல் பாடம்தான் இந்தச் செய்கைப் பாடம், 7.40 முதல் 8.20 வரை. பிறகு வழமையான புத்தகம், கொப்பி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சுவரில் படங்கள் ஒட்டியிருந்தன. 'பொறுமையைப் படமாக் கீறுங்கோ' என்று எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் வீட்டுவேலையாக டீச்சர் சொல்லிவிட்டாவாம். ஓர் அடைக்கோழி, ஒரு வலைக்காரர், மருந்து கட்டும் வரிசையில் ஒரு நாய், எல்லாம் ஒன்றைவிட ஒன்று திறம். மூலையில் நான்கு படங்கள். நான்கிலும் ஒரே நீல பஸ், பின்பக்கத்தால். நான் முக்கால் மணித்தியாலத்துக்கு முன் இறங்கிய அதே பஸ்.

அந்த நேரம்தான் அந்த நான்கு பேரும் வந்து சேர்ந்தார்கள். மணி 8.15. மூன்று கிலோமீற்றர் நடை, சப்பாத்தெல்லாம் செம்மண், நெற்றியில் திருநீறு வேர்வையோடு வழிந்திருந்தது. பெரியவளின் பெயர் டிலக்சனா. மற்றவர்கள் அவளுடைய தம்பியும் பக்கத்து வீட்டு இரண்டு தங்கச்சிமாரும். அவர்களை முதலாம் வகுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். செய்கைப் பாடம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. பசையும் தாளும் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

இடைவேளையில் அவளுடைய படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது. "வாய் கீற மறந்திட்டீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. அவை ஒண்டும் சொல்லமாட்டினம்."

சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். நான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். வெட்கம் என்பதா ஆத்திரம் என்பதா, இரண்டும் சேர்ந்து வந்தது. அந்த ஆத்திரத்தை, நியாயமில்லாமல், டீச்சர்மேல் கொட்டினேன்.

"பொறுமை எண்டு நீங்கள் படிப்பிக்கிறியள். அதுகள் றோட்டிலை பொறுத்துக்கொண்டு நிக்குதுகள். உந்தப் பாடம் ஆருக்கு வசதி எண்டு யோசிச்சுப் பார்த்தனீங்களோ?"

றெஜினா டீச்சர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் கீறச் சொன்னது பொறுமையை. அதுகள் கீறித் தந்தது வேறை ஒண்டு. அதைச் சுவரிலை ஒட்டினன். ஒட்டிப்போட்டு ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு நிக்கிறன்" என்றா. பஸ்காரரோடு இரண்டு தரம் கதைத்தாவாம். "பிள்ளையளிலை அவ்வளவு அக்கறையெண்டா வான் பிடிச்சு விடுங்கோ ரீச்சர்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்களாம். டீச்சர் வருவது எதிர்ப்பக்கத்து ஊரிலிருந்து. ஏழே காலுக்கு வாசல் திறக்கவேண்டியவ மதகடியில் போய் நிற்க முடியாது.

பிறகுதான் முழுக்கதையும் சொன்னா. டிலக்சனாவின் அம்மா விடிய ஐந்து மணிக்கே கருவாடு காயப்போடும் வாடிக்கு வேலைக்குப் போகிறவ. அந்தப் பற்றைக்காட்டு வீதியில் நாய்கள் கூட்டமாகத் திரிகின்றன, போன மாதம் தம்பியாரின் காற்சட்டையை ஒரு நாய் இழுத்துவிட்டது. "இந்த இரண்டாந் தவணையோடை காணும், இனிப் போதும், இரண்டு பேரையும் சித்தி வீட்டிலை விட்டுப் படிப்பிக்கப்போறன்" என்று அம்மா சொல்லிவிட்டா. சித்தி இருப்பது வவுனியாவில். டிலக்சனாவும் தம்பியும் போனால் மற்ற இரண்டு பொடிசுகளையும் கூட்டிவர ஆளில்லை. பள்ளிக்கூடம் தேடி ஆசிரியைகள் தூரத்திலிருந்து வந்து பார்க்க ஆசைப்படுகிறார்களே ஒரு பாடம், அந்தப் பாடத்தை மூன்று கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நான்கு பிள்ளைகள் பார்க்க முடியவில்லை. காரணம் ஒரு பிறேக். ஒரு பிறேக்கை அமத்த ஒரு மனிதனுக்கு மனம் வரவில்லை!

அன்று மாலையே வீட்டுக்குத் திரும்பியிருக்கவேண்டும். திரும்பவில்லை. கொடிகாமத்தில் மச்சாள் வீட்டில் தங்கினேன். கடைக்குக் காய்ச்சல் வருத்தம் என்று பொய் சொன்னேன், முதலாளி இதை வாசித்தால் மன்னிக்கவேண்டும்.

புதன்கிழமை காலை 7.00, அதே மினிபஸ், அதே கொண்டக்டர். "மதகடிக்கு ஒண்டு" என்று ரிக்கற் எடுத்தேன். மதகு கண்ணில் படுவதற்கு முன்னமே எழும்பி நின்று சத்தம் போட்டேன்:

"தம்பி, மதகடி இறக்கம்!"

தெரியாதவர்களுக்கு: எங்கள் பஸ்களில் ஒருவர் 'இறக்கம்' என்று சொன்னால் நிற்கத்தான் வேண்டும். கொண்டக்டருக்குப் பிள்ளைகளும் தெரிந்தார்கள், என் எண்ணமும் பாதி தெரிந்திருக்கவேண்டும். "அக்கா, கொஞ்சம் தள்ளி இறக்கிவிடுறன்" என்றான்.

"எனக்குக் கால் ஏலாது தம்பி. மதகடியெண்டா மதகடிதான்."

பஸ் நின்றது. நான் ஒரு காலை நிலத்தில் வைத்தேன், மற்றக் காலை மிதிபலகையிலேயே வைத்துக்கொண்டு குனிந்து செருப்பு வாரைப் பூட்டினேன். பூட்டினேன், பூட்டினேன், அது பூட்டுப்படவேயில்லை. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கொண்டக்டர் கையை நீட்டி மறித்தான்.

"பொறுங்கோ பொறுங்கோ, ஆக்கள் இறங்கட்டும்."

"பொறுத்தது காணும்," என்றாள் டிலக்சனா. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். என் கைக்குக் கீழால் தம்பியை உள்ளே தள்ளினாள், பிறகு இரண்டு தங்கச்சிமாரையும், பிறகு தானும் ஏறினாள். பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். பின்சீற்றிலிருந்து ஒரு ஐயா, "ஏத்தடா தம்பி, சின்னஞ்சிறுசுகள்" என்றார். நேற்றும் அதே சீற்றில் இருந்தவர்தான். நேற்று எங்கே போயிருந்தது இந்த வாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, இன்றைக்காவது திறந்தாரே.

நானும் திரும்ப ஏறிக்கொண்டேன்.

"இறக்கம் எண்டியள்?" என்றான் கொண்டக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மனம் மாறிட்டுது. பள்ளிக்கூடத்துக்கு இன்னொண்டு தாரும்."

7.28க்கு வாசலில் இறங்கினோம். செபமும் தேவாரமும் முடிந்து செய்கைப் பாடம் தொடங்கியபோது டிலக்சனா முன்வரிசையில் இருந்தாள். களிமண்ணில் ஏதாவது செய்யச் சொன்னார்கள். அவள் நாற்பது நிமிடமும் ஒரு மாட்டுக்குக் கொம்பு நிற்கவைக்கப் பாடுபட்டாள், கொம்பு விழுந்துகொண்டேயிருந்தது, அவ்வளவு சந்தோசமாக ஒரு பிள்ளையை நான் அண்மையில் பார்க்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிற நாற்பது நிமிடம் அது, வேறொன்றுமில்லை.

ஒரு நாள் செருப்பு வார் பூட்டியதால் உலகம் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த கிழமை றெஜினா டீச்சர் போன் எடுத்தா. ஐந்து நாளில் இரண்டு நாள் நின்றதாம், மூன்று நாள் இழுத்ததாம். நின்ற இரண்டு நாளும் யாரோ ஒரு பெரியவர் உள்ளிருந்து சத்தம் போட்டிருக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். பொறுமை நல்ல பண்புதான், கீரை வளர்ப்பவர்களுக்கு. அரை ரிக்கற் என்று புழுதியில் விடப்படுகிற பிள்ளையிடம் அதைக் கேட்பது அநியாயம். கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்பதும் அநியாயம்தான்.

போக விரும்பும் ஆசிரியைகளுக்கு: முதல் நாளே டீச்சருக்குப் போன் செய்து கேளுங்கள். செவ்வாய், புதன் நல்லது. வெள்ளி கோயில் வேலை இருக்கும். சாப்பாட்டுக்கடை அங்கே இல்லை, கொடிகாமத்தில் கட்டிக்கொண்டு போங்கள். ரொபி, பென்சில் என்று அன்பளிப்புப் பை தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். திரும்பும் பஸ் பள்ளிக்கூட வாசலில் பின்னேரம் 1.50. வசதியாக ஓட்டோ பிடித்துப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள், தயவுசெய்து ஏழு மணி மினிபஸ்ஸில் போங்கள். ஐந்தாவது கிலோமீற்றரில், மதகு தெரிவதற்கு முன்னமே, 'இறக்கம்' என்று பலமாகச் சொல்லுங்கள். இறங்கத் தேவையில்லை.

இரண்டாம் தவணை முடிவதற்குள் போங்கள். அதற்குப் பிறகு அந்தத் தரிப்பில் பஸ் நின்றாலும் ஏறுவதற்கு ஆள் இருக்காது.