தேயிலைப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்

என் சகலையின் ரேடியோ பாடும்போது அதன் தலையில் வைத்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வரும். அதை நான் பார்த்திருக்கவே கூடாது. பார்த்த நாளிலிருந்து எனக்குத் தின்ற சோறு செரிக்கவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. அவர் பத்தாவது தேறி ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கடலையும் பருத்தியும் போட்டுப் பிழைத்தவன். அந்த ரேடியோ வரும் வரைக்கும் அவர் சட்டையைப் பார்த்துக்கூட நான் பொறாமைப்பட்டதில்லை. அவருக்குச் சட்டை, எனக்குக் காடு என்று இருந்தேன்.

கெட்டது மாமனார் விஷயத்தில். அவருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஊர். மாடு பார்க்க மாசத்துக்கு இரண்டு தரம் எங்கள் சந்தைக்கு பஸ்ஸில் வருவார். மூத்த மாப்பிள்ளை நான் என்பதால் சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான். அவருக்கென்று ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு இலவம்பஞ்சுத் தலையணை. வேறு யாரும் அதில் தலை வைக்கக் கூடாது. சகலை அந்தப் பெரிய ரேடியோவை வாங்கிய மாசம், "சின்னவ ஊட்டுல நாயனம் கேட்டுப்போட்டு வந்தர்றனுங்க மாப்ள" என்று போனவர் அங்கேயே சாப்பிட்டார். அடுத்த தடவை அங்கேயே படுத்தார். அதற்கும் அடுத்த தடவை பையை எங்கள் வீட்டில் இறக்கவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே எதிர்த்தெருவுக்குப் போனதை என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

எங்களிடமும் ஒரு ரேடியோ இருந்தது. பாதி விலைக்குப் பழசாக வாங்கிய சின்னப் பெட்டி. மேளம் வாசித்தால் தகர டப்பாவில் கடலையைக் குலுக்கினது போலக் கேட்கும். அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பயம் கொஞ்சமில்லை. வானத்தில் ஒரு கருப்பு தெரிந்தால் இடி இறங்கிவிடும் என்று ஓடிப்போய் ஏரியல் கம்பியைக் கழற்றுவேன். ரேடியோ வைத்துக்கொள்ள அப்போது வாங்க வேண்டியிருந்த லைசென்ஸ் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி, இருக்கிறதா இருக்கிறதா என்று வாரம் ஒரு தரம் எடுத்துப் பார்ப்பேன்.

சகலையின் ரேடியோவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஏதோ காகிதம் எழுதித் தர வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் போனேன். அவர் காப்பி சொல்ல உள்ளே போன நேரத்தில் பெட்டியின் பக்கவாட்டை விரலால் தட்டிப் பார்த்தேன். கெட்டி மரம். இன்னொரு தட்டுத் தட்டினேன்.

"ஏனுங்ணா, தேங்காயா வாங்கறீங்க, தட்டித் தட்டிப் பாக்கறீங்க?" என்றார் வாசற்படியில் நின்று. உள்ளிருந்து என் கொழுந்தியா சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும் வரை காது எரிந்தது.

ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். சத்தம் ரேடியோவில் பாதி, பெட்டியில் பாதி. என் ரேடியோவின் முதுகில் வெளி ஸ்பீக்கர் மாட்ட இரண்டு ஓட்டைகள் இருந்தன. கோயமுத்தூருக்குப் பருத்தி கொண்டுபோன அன்று பழைய சாமான் கடையில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். மலிவு. மலிவாக இருந்ததற்குக் காரணம், ஒன்றில் கூம்புக் காகிதம் கிழிந்திருந்தது. மெல்லிய தாளை மைதாப் பசையில் ஒட்டி நிழலில் காய வைத்தேன். எலிக்கு மைதா பிடிக்கும் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. அந்த வாரம் முழுக்க ஸ்பீக்கரை அண்டாவுக்குள் போட்டு மூடி வைத்தேன்.

பெட்டிக்கு மளிகைக் கடையில் கேட்டேன். வண்டிப்பெரியாரிலிருந்து தேயிலை வந்த பலகைப் பெட்டி இரண்டு கொடுத்தார்கள். அறுத்துச் சின்னதாக்கி, முன்னால் வட்டமாக ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை முடுக்கினேன். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு குறிப்பிட்ட சுரம் வந்தால் பெட்டிக்குள் வண்டு புகுந்தது போல 'ர்ர்ர்' என்றது. கடையில் ஏமாந்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, தேயிலை நமுக்காமல் இருக்க உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை நான் உரிக்கவே இல்லை. உரித்தேன். வண்டு போயிற்று. பானைச் சத்தம் வந்தது.

பானைக்குப் பஞ்சு வைத்தால் அடங்கும் என்று தோன்றியது. வீட்டில் இலவம் பஞ்சு ஒரே இடத்தில்தான் இருந்தது. மாமனார்தான் அங்கே படுத்துக் கிடக்கிறாரே, இந்தத் தலையணை யாருக்கு என்று ஒரு ஆத்திரம். தையலைப் பிரித்து முக்கால்வாசியை எடுத்து இரண்டு பெட்டிக்கும் அடைத்தேன்.

பெட்டிகளை எங்கே வைப்பது? சுவரில் புஸ்தகப் பலகை ஒன்று உண்டு. படித்தவர்கள் வீட்டில் இருக்கிறதே என்று நானும் அடித்தது. அதில் பஞ்சாங்கமும் மகளின் பாடப் புஸ்தகமும் மட்டும் இருந்தன. அவற்றை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டையும் வைத்தேன்.

இப்போது சொல்கிறேன், ஒன்றை மட்டும் மாட்டினால் நன்றாகத்தான் பாடியது. கிழிந்து ஒட்டியதுகூட. இரண்டையும் சேர்த்து மாட்டினால் மேளம் காணாமல் போயிற்று. குழாய்க்குள்ளிருந்து யாரோ பாடுவது போல வெறும் கீச்சு. மூன்று நாள் பெட்டியை மாற்றி வைத்தேன், பஞ்சைக் கூட்டினேன், குறைத்தேன்.

"ஒண்ணே போதுமுங்க, அதான் நல்லா இருக்குதல்லொ" என்றாள் மனைவி.

"அவங்க ஊட்டுல ஒண்ணு. நம்ம ஊட்டுல ரெண்டு இருக்கோணும்" என்றேன்.

"அப்ப மாமனாரும் ரெண்டாத் தேடிக்குங்க."

அடுத்த சந்தைக்கு அவளே பஸ்ஸுக்குப் போய் நின்று அப்பாவைக் கையோடு கூட்டி வந்தாள். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பாட்டுக்குச் சகலையும் வந்தார், வரச் சொன்னவளும் அவளே. எனக்கு அது தெரியாது. அவரைப் பார்த்ததும் ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிவிடலாமா என்று நினைத்தேன். இரண்டு பெட்டியையும் எல்லாரும் பார்த்தாயிற்று, இனி எப்படிக் கழற்றுவது? போட்டேன். நாயனம் வந்தது. மேளம் வரவில்லை.

மாமனார் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தானுங்க இருக்குது மாப்ள" என்றார். பெண்ணுக்குச் சீர் குறைந்தால்கூட இதே குரலில்தான் சொல்வார்.

சகலை எழுந்து பெட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெட்டியின் இரண்டு கம்பியையும் பிரித்து, இது இருந்த இடத்தில் அதையும் அது இருந்த இடத்தில் இதையும் மாட்டினார். அவ்வளவுதான். மேளம் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. மாமனாரின் கை வெற்றிலையோடு அப்படியே நின்றது.

"ஒண்ணுமில்லீங்ணா" என்றார் சகலை, கையைத் துடைத்துக்கொண்டு. "கவலை ஓட்டறப்ப ஒரு எருதைக் கிணத்தப் பாத்தும் ஒரு எருதை எதுக்காலயும் பூட்டுனா தண்ணிச் சால் மேல வருமுங்களா? ஒண்ணு தள்ளறப்ப இன்னொண்ணு இழுக்குது. அத்தனைதானுங்."

கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவன் நான். அவர் கிணற்றில் வாளி விட்டே நான் பார்த்ததில்லை. எருது பூட்டும் கதையை எனக்கு, என் வீட்டில், என் மாமனார் முன்னால் சொன்னார். நன்றி சொல்ல வேண்டிய இடம்தான். "காப்பி குடிக்கறீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

மாமனார் அன்று நகரவில்லை. கேட்டுக்கொண்டே கட்டிலில் சாய்ந்தவர் திடுக்கென்று எழுந்தார். "ஏம்மா, என்ர தலகாணி எப்படி இப்படி எளச்சுப் போச்சு?"

மனைவி புஸ்தகப் பலகையைக் கையால் காட்டினாள்.

அவர் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். சகலையும் சிரித்தார். மாமனார் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அங்கேயே படுத்தார்.

மறுநாள் காலையில் சந்தைக்குப் போன இடத்தில் பார்த்தவர்களிடமெல்லாம், "பெரிய மாப்ள பொட்டி செஞ்சாரு, சின்ன மாப்ள வந்து பாட வெச்சாரு" என்று சொல்லியிருக்கிறார். மாட்டுத் தரகர் ஒருவர் அதை அப்படியே என்னிடம் வந்து ஒப்பித்தார்.

வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டேன். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பியைப் பழையபடி மாற்றினேன். மேளம் ஓடிப்போயிற்று. கொஞ்ச நேரம் அந்தக் கீச்சைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"மறுக்காவும் கெட்டுப் போச்சுங்களா?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மாற்றினேன். மேளம் வந்தது. இந்தத் தடவை மாட்டியது என் கை. ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துப் பெட்டியின் தலையில் வைத்துப் பார்த்தேன். வட்டம் வந்தது. சகலை வீட்டில் வந்த அளவுக்கு இல்லை.

அடுத்த சந்தைக்கு மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்கே வந்தார். பை வழக்கத்தைவிடப் பருமன். கட்டில்மேல் இறக்கி, உள்ளிருந்து ஒரு புதுத் தலையணையை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். "இதப் பிரிச்சுப் போடாதீங்க மாப்ள" என்றார்.

"செரீங்க மாமா" என்றேன். கை கழுவ அவர் அந்தப் பக்கம் போனதும், பைக்குள் சகலை வீட்டுக்கென்று இன்னொன்று இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை.