கழுவாத ரவிக்கைத் துண்டுகள்

என் பேத்தி ஜெயந்தினி தைத்த துணியை ராகலையில் நின்று உதறினால், மறுமுனை நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் போய் விழும். சரி, கூட்டித்தான் சொல்கிறேன். ஒரு சுவரை மூடும், அவ்வளவுதான்.

தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது அது. அவள் மகன் கிஷாந்த், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தையாகக் கிடந்த காலத்தில், பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கிப்போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிவப்புத் தையல். தேயிலை நிரை மாதிரி வரிசை வரிசையாகப் போகும்.

இடையிடையே ரவிக்கைத் துண்டுகள். அவை, இறங்க விடாத நாட்கள். மார்பு கட்டிக்கொண்டு கசிய நிற்பாள். கங்காணி செல்லசாமி, "நிறுவை முடியாம எறங்குனா அரை நாள் பேருதான்" என்பார். பேர் என்றால் எங்களுக்கு நாள் சம்பளம். பால் காய்ந்து ரவிக்கையில் மஞ்சளாய்ப் படியும். அந்தக் கறையை அப்படியே வெட்டித் தைத்துவிட்டாள்.

மகளிர் தினக் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். பொறுப்பாயிருந்த ஐவி டீச்சர் விரித்துப் பார்த்தார்.

"தையல் அழகா இருக்கு புள்ள. கறைய மட்டும் கழுவிக் கொண்டா. தொரை வாறாரு."

"கழுவ மாட்டேன் டீச்சர்."

"அப்ப அந்தத் துண்டுகளப் பிரிச்சிரு. இப்பிடியே மாட்ட ஏலாது."

"கழுவுனா, அன்னைக்கு என்னைய எறங்க விட்டாங்கன்னு ஆயிரும். விடலையே டீச்சர்."

துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலேயே, தராசுக்குப் பின்னால், கம்பி கட்டி மாட்டினாள். முனையைப் பிடித்தது நான்.

செல்லசாமி வந்து நிமிர்ந்து பார்த்தார். "என்ன புள்ள, அழுக்குத் துணியக் கட்டி வச்சிருக்க?"

"உங்க தராசுல ஏறாத நிறைங்க, கங்காணி அய்யா. அதான் பக்கத்துலயே மாட்டிட்டேன்."

கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் கழற்றச் சொல்லாமல் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று நடுப்பகல் நிறுவையில், மூன்று மாதப் பிள்ளைக்காரி ஷாமிலா வரிசையில் கூடையை வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கினாள். அவளுக்கு அன்று முழுப் பேர்தான் விழுந்தது.

துணி இன்னும் அங்கேதான் தொங்குகிறது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது கறை. ஒன்பது தடவை என் பேத்தியை மறித்திருக்கிறார்கள்.

இதை எழுதும்போது தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஜெயந்தினி சொல்கிறாள்:

"பதினொரு தடவ அம்மாயி. ரெண்டு ரவிக்கைய நீங்கதான் சவுக்காரம் போட்டுத் தொவைச்சிட்டீங்க."