"சரிங்க ஐயா" என்றதற்குப் பதினான்கு நாள்

மலேசியாவில், கிள்ளான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருபத்தாறு வருடம் மொழிபெயர்ப்பாளராக நின்றேன். நீதிபதி மலாயில் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும், கூண்டில் நிற்பவர் பேசுவதை மலாயில் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. அதை ஒழுங்காகத்தான் செய்தேன். இன்று வரை உறுத்துவதும் அதுதான்.

ஒருநாள் கூண்டில் நின்ற சாந்திக்கு ஆஸ்பத்திரியில் குத்தகைக்காரரிடம் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை. லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வழக்கு. ஒப்புக்கொண்டார். ஆயிரம் ரிங்கிட் அபராதம், கட்டாவிட்டால் பதினான்கு நாள் சிறை. "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று நீதிபதி கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"சரிங்க ஐயா."

நம் ஆட்கள் கோர்ட்டில் எதற்கும் இதைத்தான் சொல்வார்கள். மரியாதையாம். அவகாசம் கேட்டால் அந்த நீதிபதி தருவார் என்று எனக்குத் தெரியும், சாந்திக்குத் தெரியாது. சரி என்றதை அப்படியே மலாயில் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தேன்.

மதியம் லோக்காப் கம்பிக்குப் பின்னாலிருந்து சாந்தி கூப்பிட்டார்.

"அண்ணே, வெள்ளிக்கிழம சம்பளம் வந்துரும். நாலு நாள் டைம் கேட்டா குடுப்பாங்களா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்கம்மா. இப்ப நீதிபதி போயிட்டாங்க."

"அப்ப நீங்க அங்கயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அதற்குள் சிறை லோரி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சம்பளம் பேங்கில் விழுந்தது. பேங்க் கார்டு சிறையில் அவருடைய பொருட்களோடு பூட்டிக் கிடந்தது. அபராதமும் வரவில்லை, அரசாங்கம் பதினான்கு நாள் சோறும் போட்டது. அதற்குள் குத்தகைக்காரர் வேறு ஆள் வைத்துவிட்டார். வெளியே வந்த சாந்தி வேலை கேட்டு அலைந்ததாகக் கேள்விப்பட்டேன். கட்ட முடியாதவரை உள்ளே வைத்தால் கட்டும் வழியும் அடைபட்டுப்போகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அத்தனை வருடம் ஆனது, வெட்கக்கேடு.

அதன் பிறகு தினமும் காலையில் கோர்ட் கூடுமுன் வராந்தாவில் நின்று, "கையில காசு இல்லன்னா வாயத் தொறந்து டைம் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே போவேன். மேலதிகாரி கூப்பிட்டு, "நீ இன்டர்பிரெட்டரா, லாயரா?" என்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலையின் கடைசி நாளில் ஒரு லோரி டிரைவர், "ரெண்டு வாரம் டைம் வேணும் ஐயா" என்றார். மலாயில் சொன்னேன். நீதிபதி தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. சாந்திக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.