மணவறைக் கடைக்கு வெப்சைற் போட்டோம்

1. கூட்டம்

அன்று கடையில் இருந்தவர்கள்: முதலாளி தவம் அண்ணை, அவருடைய மனைவி சாந்தி அக்கா, வெப்சைற் செய்ய விலை சொல்ல வந்திருந்த நிரோஜா, நான். இல்லாதவர் சாந்தி அக்காவின் தம்பி சுதன். கடைசியில் வேலை அவரிடம்தான் போனது. இன்னொருத்தியும் அங்கே இல்லை. பதினாலு வயதுப் பிள்ளை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எங்கள் கடை ஆட்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடை, புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் நிறைந்த அஜின்கோர்ட்டில், ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில். கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் மணவறையும் மேடைச் சோடனையும் வாடகைக்குக் கொடுப்போம். போன் எடுப்பது, வான் வண்டியில் சாமான் ஏற்றுவது, றெஜிபோம் மட்டையில் பெயர் வெட்டி மினுக்கம் ஒட்டி மேடையின் பின்திரையில் குத்துவது என் வேலை. என் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் எழுத்து வேலை என்றால் என்னிடம் வரும். பின்னேரங்களில் கொலிஜில் கொம்பியூட்டர் வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

இன்னொரு மணவறைக்காரர் தன் பேப்பர் விளம்பரத்தில் வெப்சைற் விலாசம் போட்டிருந்தார். மொன்றியலிலிருந்து போன் எடுத்த ஒரு பெண் வீட்டார் எங்களிடமும் அதைக் கேட்டார்கள். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டார்கள். தவம் அண்ணைக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

நிரோஜா பெரிய கொம்பனி ஒன்றில் இந்த வேலையே செய்பவள். வந்து உட்கார்ந்ததும் விலை சொல்வாள் என்று பார்த்தால் கேள்வியாகக் கேட்டாள். வெப்சைற் விலாசத்தை யார் பெயரில் பதிவது, பாஸ்வேட் யாரிடம் இருக்கும், நாளைக்கு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் யார் மாற்றுவது. பிறகு மேசையில் கிடந்த, நாங்கள் மேடை போட்ட வீடுகளின் படங்கள் ஒட்டிய அல்பங்களைத் தட்டிப் பார்த்தாள்.

"இந்தப் படங்களைப் போட ஆக்களிட்டைக் கேட்டிட்டியளோ, அங்கிள்?"

"உதுக்கு ஏன் பிள்ளை கேப்பான்? அல்பம் எந்த நாளும் மேசையிலைதானே கிடக்குது. வாறவை எல்லாரும் பாக்கினம்."

"மேசையிலை கிடக்கிறதை வாறவை மட்டும்தான் பாப்பினம்."

அவர் சிரித்தார். அவள் ஆயிரத்து இருநூறு டொலர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் தவம் அண்ணை, "கேக்கிற கேள்விக்கும் சேத்தெல்லோ பில் போடுறாள்" என்றார். என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அவளையே பிடிப்போம், எனக்குப் பக்கம் எழுதத் தெரியும், ஆனால் அவள் கேட்ட எதற்கும் பதில் தெரியாது என்றேன். சாந்தி அக்கா தேநீர்க் கோப்பைகளை எடுத்தபடி, "என்ரை தம்பி சும்மா செய்வான். வீட்டு ஆள் இருக்க வெளியாளுக்கு ஏன் காசு?" என்றார். அத்தோடு கூட்டம் முடிந்தது. எங்கள் ஆட்களிடம் "வீட்டு ஆள்" என்ற சொல்லுக்குப் பிறகு வேறு கதை இல்லை.

2. திறப்பு விழா

சுதன் கெட்டிக்காரர். டோர்செட் பார்க்கில் தன் அபார்ட்மென்றில் இருந்தபடியே அல்பம் முழுவதையும் ஸ்கான் பண்ணினார். இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு கொம்பனியில் தன் பெயரில் பதிந்தார். வெள்ளைக்காரரும் பார்க்கட்டும் என்று தலைப்பெல்லாம் ஆங்கிலத்தில் போட்டார். கல்யாணம் ஒரு பக்கம், பிறந்தநாள் ஒரு பக்கம், சாமத்திய வீடு ஒரு பக்கம்.

நல்ல நேரம் பார்த்து, கொம்பியூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித் திறந்தோம். ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கி வந்தது. தவம் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கிழமையால் சுதன் தன் கல்யாணத்துக்கு மெட்ராஸுக்குப் பறந்தார். பெண் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே வந்து நின்றாள்.

3. வெள்ளிக்கிழமை

பள்ளிக்கூடம் விட்ட நேரம் ஒரு தாயும் மகளும் கடைக்குள் வந்தார்கள். தாயை எனக்குத் தெரியும். முந்தின வருடம் சாமத்திய வீட்டுக்கு எங்களிடம்தான் மேடை எடுத்தவர். மகள் சொன்னபடியால் வந்தேன், என்னவென்று எனக்கே தெரியாது என்றார்.

பிள்ளை பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து மேசையில் விரித்தாள். எங்கள் வெப்சைற்றின் பக்கம். சாறியும் மாலையுமாக மேடையில் அவள். பின்னால் பின்திரையில் அவளுடைய பெயர். நான் வெட்டிய எழுத்துகள். கடைசி எழுத்தில் மினுக்கம் கொஞ்சம் உதிர்ந்திருந்ததுகூடத் தெரிந்தது. தலைக்கு மேலே, அது என்ன சடங்கு என்று வகுப்பில் எல்லாருக்கும் விளங்கக்கூடிய ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில்.

அவளுடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை எழுதியது போதும்.

வகுப்புப் பெடியன் ஒருவன் அதை அச்செடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறான். திங்கட்கிழமை கொம்பியூட்டர் பாடத்தில் எல்லாருக்கும் திறந்து காட்டுவேன் என்றும் சொல்லியிருக்கிறான்.

தவம் அண்ணை நல்ல மனிதர். ஆறுதல் சொல்வதாக நினைத்து, "வடிவாத்தானே பிள்ளை இருக்கிறாய்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அங்கிள், ஜஸ்ற் ரேக் இற் ஓஃப். ப்ளீஸ்."

பாஸ்வேட் சுதனிடம். சுதன் மெட்ராஸில். அவர் தங்கியிருந்த லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். அங்கே நடுச்சாமம், யாரையும் எழுப்பமாட்டோம் என்றார்கள். இலவசக் கொம்பனிக்குப் போன் நம்பரே இல்லை.

அப்போதுதான் தவம் அண்ணை எழும்பினார். மேசைக்குக் கீழே குனிந்து கொம்பியூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரை இருண்டது. "சரி பிள்ளை, இனி ஒருத்தரும் பாக்கேலாது" என்றார்.

அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது இதுக்குள்ளை இல்லை, அங்கிள்."

"அப்ப எங்கை இருக்கு?"

வயரைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். இத்தனை நாளும் அந்தப் படங்கள் எங்கள் கடைக்குள்ளேதான் இருக்கின்றன, யாரோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். அல்பம் கிடந்த மேசை கொம்பியூட்டர் மேசையாக மாறியது என்பதற்கு மேல் அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. கொலிஜுக்குப் போகும் எனக்கு இயந்திரம் விளங்கியிருந்தது. அவருக்கு என்ன விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கியிருக்கவில்லை. தாய் கடதாசியைக் கையில் எடுத்தார். தலைப்பை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு மகளைத் தன் கோட்டுக்குள் இழுத்து மூடிக்கொண்டார்.

4. நிரோஜா திரும்பி வந்தது

தவம் அண்ணை தானே போன் எடுத்தார். "பிள்ளை, நீ சொன்னது சரி. வா" என்றார். அவள் வந்தாள். நான் அப்பவே சொன்னேனே என்ற ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. கொம்பனிக்கு ஈமெயில் அனுப்பினாள். பதிந்தவர் வேறு ஆள், நீங்கள் கேட்டு எடுக்கமுடியாது என்று தன்பாட்டில் வரும் பதில்தான் வந்தது. சனிக்கிழமை முழுக்க நானும் சாந்தி அக்காவும் மெட்ராஸுக்கு மாறி மாறிப் போன் எடுத்தோம். மாப்பிள்ளை உடுப்பெடுக்கப் போய்விட்டார், மாப்பிள்ளை கோயிலுக்குப் போய்விட்டார் என்றே பதில். ஞாயிறு காலை கிடைத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. சாந்தி அக்கா வாழ்த்துச் சொல்லவில்லை. "பாஸ்வேட்டைச் சொல்லடா" என்றார்.

மத்தியானத்துக்குள் எல்லாப் படமும் போய்விட்டது. நிரோஜா கதிரையில் சாய்ந்து, "ஏற்கெனவே அச்செடுத்ததுக்கு என்னாலை ஒண்டும் செய்யேலாது, அங்கிள்" என்றாள். அதை நாங்கள் காதில் சரியாக வாங்கவில்லை. எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தோம்.

திங்கட்கிழமை அந்தப் பெடியன் திறந்தபோது பக்கம் வரவில்லையாம். அவனிடம் இன்னும் கடதாசிகள் இருந்திருக்கின்றன. மேசை மேசையாகப் போயிருக்கின்றன. பிள்ளை இப்போது மோர்னிங்சைட்டில் பெரியம்மா வீட்டிலிருந்து வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். தாய் இதைப் போனில் சொன்னபோது என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அல்பத்தில் இருந்த மற்றக் குடும்பங்களுக்கெல்லாம் நானே போன் எடுத்தேன். பலர், ஏன் வெப்சைற்றிலை இருந்து எடுத்தனீங்கள், வடிவாத்தானே இருந்தது என்றார்கள். ஒருமுறை பிள்ளைகளையும் கேளுங்கோ என்றேன். பிள்ளைகளைக் கேட்டவர்களில் ஒருவரும் போடச் சொல்லித் திரும்பப் போன் எடுக்கவில்லை. இப்போது மேசையில் வெறும் மேடைப் படங்கள்தான். வெப்சைற்றிலும் அதுவே. ஆட்களும் இல்லை, பெயர்களும் இல்லை.

கடை வைக்கப்போகும் என் வயதுக்காரருக்கு நான் சொல்வது இதுதான். வேலைக்கு ஆள் பிடிக்கும்போது, அந்த ஆள் என்ன விலை சொல்கிறார் என்பதோடு, உங்களிடம் என்ன கேட்கிறார் என்றும் பாருங்கள். சுதன் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை நாங்கள் கெட்டித்தனம் என்று நினைத்தோம்.

பக்கத்தை எடுத்ததற்கு நிரோஜாவுக்கு இருநூற்றைம்பது, புது வெப்சைற்றுக்கு அவள் முதலில் சொன்ன அதே ஆயிரத்து இருநூறு, மெட்ராஸ் போன் பில் எண்பத்தாறு. மேடை வாடகை அறுநூற்றைம்பதைத் தவம் அண்ணை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். தாய் அதை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக் கதவைச் சாத்தினார். சும்மா செய்வித்த வெப்சைற்றுக்கு எங்களுக்குச் செலவு முடிந்தது இரண்டாயிரத்து நூற்றெண்பத்தாறு டொலர்.