தங்கூசி கட்டிய யுகலேலே

மாடி வீட்டுப் பெண் ஒரு யுகலேலே வாங்கியிருக்கிறாள். கிடாருக்குத் தம்பி மாதிரி குட்டியாக, நாலே நரம்பு. ஒரு வாரமாக அவள் படுத்துகிற பாட்டில் தெரு நாய்கூட எங்கள் வாசல் பக்கம் வருவதில்லை. நேற்று படிக்கட்டில் என்னை மடக்கி, கேட்டே ஆகவேண்டும் என்று உட்காரவைத்துவிட்டாள். மேல் நரம்பு கீச்சென்றது. மாற்றிக் கட்டிவிட்டாயா என்று கேட்டேன். இல்லையாம், அது மெல்லிசாகத்தான் இருக்கணுமாம். சரிம்மா என்று வந்து படுத்தவன்தான், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. வில்லியனூருக்குப் பக்கத்துக் கிராமம், எண்பதுகளின் தொடக்கம். சரோஜா அக்காவின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. சொல்தா மாப்பிள்ளை என்றால் அப்போது சும்மாவா, ஊரே வாயைப் பிளந்தது. கல்யாணமாகி நாற்பதாம் நாள், பட்டாளம் இருந்த தாஹித்தி தீவுக்குத் திரும்பிப் போனார். போகும்போது, அங்கிருந்து கொண்டுவந்திருந்த யுகலேலேவை அக்காவிடம் கொடுத்து, “அடுத்த லீவுல நான் வந்தா ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு. உன்ன கையோட கூட்டிக்கினு போறேன்” என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அக்கா அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டாள்.

அம்மா கரும்புக்கொல்லைக்குப் போனபிறகுதான் யுகலேலே இருந்த பெட்டியைத் திறப்போம். புருஷன் கடல் தாண்டி இருக்க, பெண்டாட்டி பாட்டு வாசித்தால் ஊர் சிரிக்கும் என்று அம்மாவுக்குப் பயம். திறந்ததும் பாச்சை உருண்டையும் சீமை சோப்பும் கலந்து ஒரு வாசனை வரும். உள்ளே சின்னப் புத்தகம் ஒன்று. எல்லாம் பிரெஞ்சு, எங்களுக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனால் நாலு கோடு போட்டு, விரல் வைக்கிற இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். சேதராப்பட்டு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கட்டம், அந்த நரம்பு என்று பெரிய வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன். அக்காவுக்கு விரல் நுனியெல்லாம் புண். அதே விரலால் மிளகாய் அரைப்பாள். எரியுமே என்றால், “எரிஞ்சா எரியட்டும்டா. அவுரு வர்றதுக்குள்ள பாட்டு வந்துடணும்” என்பாள்.

என் மேதாவித்தனம் அப்போதுதான் தலைகாட்டியது. மேல் நரம்பு மெல்லிசாக இருந்ததே, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திருவிழாக் கச்சேரியில் கிடார் பார்த்தவன் நான். மேல் நரம்புதான் தடியாக இருக்கணும், கடைக்காரன் மாமாவை ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினேன். கூட வேலை பார்த்தவன் ஒருவன் லீவு நாளில் ஊசுட்டேரியில் மீன் பிடிப்பான். அவனிடம் தூண்டிலுக்குக் கட்டுகிற தடித் தங்கூசி இரண்டு முழம் வாங்கிவந்து மாட்டினேன். அது கீழ்க்குரலில் ம்ம் என்றது. அக்கா முகத்தைப் பார்க்கணுமே. அந்த நரம்பில் ஆரம்பித்து அவளே ஒரு பாட்டு கட்டினாள். வார்த்தை கிடையாது, வெறும் மெட்டு. எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை.

மூன்றாம் வருஷம் மாமா வந்தார். சாப்பாடு ஆனதும் அக்கா தலைவாரிப் பூ வைத்து, யுகலேலேவோடு வந்து உட்கார்ந்தாள். அவர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “இன்னா இது, மீன் புடிக்கிற நரம்ப கட்டி வச்சிக்கிற?” பையிலிருந்து புது நரம்பு எடுத்து, தங்கூசியை அறுத்துப் போட்டுவிட்டு மாட்டிக் கொடுத்தார். தப்பு சொல்ல முடியாது, அவர் கட்டினதுதான் சரி. அக்கா தொட்டதும் முதல் சுரமே எங்கேயோ மேலே போய்க் கீச்சென்றது. விரல் நின்றுவிட்டது. மறுபடி தொட்டாள், மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை அதை மடியில் வைத்துவிட்டாள்.

“மூணு வருசமா இதத்தான் கத்துக்கினியா?” என்றார் மாமா. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

லீவு முடிந்து தனியாகத்தான் போனார். பேப்பர் ரெடியாகலை, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். யுகலேலேவையும் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு நின்றது. ஒரு பாட்டு சரியாக வந்திருந்தால் கூட்டிப் போயிருப்பாரா, எனக்குத் தெரியாது. அக்கா கடைசிவரை அப்படித்தான் நம்பினாள்.

கட்டினவன் நான்தான் மாமா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. அக்காவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஏன்டா சொல்லலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவள் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்த மெட்டைக் கேட்டவன் நான் ஒருவன்தான். எடுப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் எப்படிப் போகும் என்று தெரியவில்லை.