அட்டை ராஜாவின் பெயரைச் சொல்லக் கூடாது

பதுளை டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கெங்கே பிழை இருக்கிறது என்று தேடிப் பட்டியல் போடுவேன். பக்கத்து மேசைக்காரர் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'நானா'தான் நான் அவரைக் கூப்பிடும் முறை. சூப்பர் ஹீரோ படங்கள் என்றால் அவருக்கு உயிர். ஒருநாள் பகல் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்ன நானா, வீட்டுல யாருக்கும் சுகமில்லையா?"

"அதெல்லாம் இல்ல தங்கச்சி. அடுத்த படத்துல நம்ம ஆள் இல்லியாம்."

விவரத்தை அவரே சொன்னார். கதைகள் எல்லாம் ஒரே உலகத்தில்தான் நடக்கின்றன. ஆனால் நாயகன் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், அவனுடைய கூட்டாளிகள் இன்னொரு கம்பெனிக்கு. ஒப்பந்தம் முறிந்துவிட்டது. இனி அவன் அங்கே வரக் கூடாது, அவன் பெயரையும் யாரும் சொல்லக் கூடாது. போன படம் வரை தோளோடு தோள் நின்றவர்கள், அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பதுபோல் நடிக்க வேண்டும்.

"கற்பூரம் அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாமே விளங்கிற்று. இதே சண்டையோடு மூன்று வருடம் ஒரே வீட்டில் சோறு தின்றவள் நான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம். மேல் கணக்கு, கீழ் கணக்கு என்று இரண்டு பிரிவு. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு கணக்கு இளைஞர்களும் சேர்ந்து ஒரு தொடர் நாடகம் போட்டு வந்தார்கள். அதில் வரும் படங்குக்காரி என் அண்ணனின் கற்பனை. கொழுந்து பறிக்கும் பெண்கள் செடி குத்தாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த துணிதான் படங்கு. எங்கள் நாயகி அதை அவிழ்த்துக் கழுத்தில் கட்டினால் பறப்பாள். அவளாக நடித்தது அண்ணி. அவளுடைய எதிரி அட்டை ராஜா, மழைக்காலத்தில் காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைகளின் அரசன். கறுப்புப் பொலித்தீனைத் தலை முதல் கால் வரை சுற்றிக்கொண்டு வருவான். அவனைக் கற்பனை செய்ததும், அவனாக நடித்ததும் கீழ் கணக்கில் இருக்கும் அண்ணியின் தம்பி.

கடைசியாகச் சேர்ந்து போட்ட வருடம், அட்டை ராஜா படங்குக்காரியின் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டான். அந்த இடத்தில் திரையை இழுத்து, "மீதி அடுத்த வருசம்!" என்று அண்ணன் அறிவித்தார்.

அந்த மீதி வரவில்லை. பண்டாரவளையிலிருந்து வந்த ஒருவர் நாடகத்தைப் படம் பிடித்து யூடியூபில் போட்டார். முடிவில் 'கதை, கற்பனை' என்று ஒரே ஒரு பெயர். அது அண்ணனுடையது. தம்பி அன்றைக்கே எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"என் அட்டை இல்லாட்டி உங்க படங்குக்காரி எதுக்கு மச்சான் பறக்குறா? துணி காயப் போடவா?"

"அட்டை காட்டுல கெடக்கு. நீயா பெத்த?"

"அப்ப படங்கு? அது தோட்டத்துல குடுத்தது. நீங்களா நெஞ்சீங்க?"

விஷயம் தோட்டத் தலைவரிடம் போயிற்று. எழுதிக் கையெழுத்து வாங்கலாமே என்று நான் சொன்னேன். "கையெழுத்த என்னுது இல்லம்பானுங்க, தாயி. கற்பூரத்த அப்பிடிச் சொல்ல ஏலாது" என்றார். இருவரும் அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஒருவருடைய பாத்திரத்தின் பெயரை மற்றவர் மேடையில் சொல்லக் கூடாது. அதன் உடுப்பை அணியக் கூடாது. அதைத் தன் மேடையில் ஏற்றக் கூடாது.

அதன்பின் நாடகம் இரண்டாயிற்று. திருவிழாவில் ஒருநாள் எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. மைதானத்தின் மேல் கோடியில் எங்கள் மேடை. அதற்கு நேர் எதிரே, வேண்டுமென்றே, கீழ் கோடியில் அவர்கள் மேடை.

எதிரி இல்லாத படங்குக்காரியை வைத்துக்கொண்டு அண்ணன் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் வருடம் அவள் டெங்கு நுளம்போடு சண்டை போட்டாள். நாடகம் முடிந்ததும் டிஸ்பென்சரி ஐயா மேடையேறி, இது நல்ல சுகாதார நிகழ்ச்சி என்று பாராட்டினார். அண்ணன் அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த வருடம் பறந்து வந்து, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடச் சண்டையை விலக்கினாள். அதற்கு எதற்குப் பறக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். கீழ் கணக்கிலும் இதே கதிதான். சண்டை போட ஆளில்லாத அட்டை ராஜா முதலில் கல்யாணம் செய்துகொண்டான். பிறகு திருந்தி, பெரகல சந்தியில் பலசரக்குக் கடை போட்டான். அந்தக் காட்சியில் "முன்ன ஒரு பொம்பள பறப்பா" என்று ஒரு வசனம் வந்ததற்காக, அது பெயர் சொன்னதற்குச் சமம் என்று அண்ணன் தலைவரைக் கூப்பிட்டார்.

அண்ணியைப் பார்க்கத் தம்பி எங்கள் வீட்டுக்கு வருவான், ஆனால் அண்ணனும் அவனும் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். ஒரே அறையில் இருந்தாலும் பேச்சு அண்ணி வழியாகத்தான் போகும்.

இந்த வருடம் தம்பிக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. எங்கள் நாடகம் நடக்கும் நாளுக்கு மறுநாள் விடியற்காலை ஏர்போர்ட்டுக்கு வேன். கீழ் கணக்கு நாடகத்துக்கு அவன் இருக்க மாட்டான். அண்ணி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"இங்க பாருங்க. என் கால்ல ஒட்டுன அட்டை மூணு வருசமா அங்கனயே இருக்கு. எந்தம்பி போறதுக்குள்ள நானே அவன பிச்சுப் போடணும். இல்லாட்டி நுளம்பு அடிக்க வேற ஆளப் பாருங்க."

"சத்தியம் பண்ணியிருக்கே" என்றார் அண்ணன்.

"நீங்கதான பண்ணுனீங்க? நானா பண்ணுனேன்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணியும் என்னைப் பார்த்தார். விடிய விடிய யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வேலையில் தினமும் செய்வதுதான்: எது தடுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினேன், மிச்சம் எது என்று பார்த்தேன். தன் மேடையில் நின்று எதிர் மேடையைப் பார்த்துப் பேசக் கூடாது என்று யாரும் கற்பூரம் அடிக்கவில்லை.

தலைவரிடம் கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு விரல் மடக்கினார். "பேரு சொல்லல. உடுப்பு போடல. ஏத்தல. பாக்குறதா? கண்ணு அம்மன் குடுத்தது, பாத்துட்டுப் போகட்டும்." இரண்டு நாடகமும் ஒரே நேரம், பொழுது சாயுமுன், என்று அறிவித்தார். இரு தரப்பும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது. சனங்களில் ஒருவரும் எதிர் மேடைப் பக்கம் திரும்ப மாட்டார்கள் என்று இரு தரப்பும் நம்பியதுதான் காரணம்.

இரண்டு மேடைக்கும் வசனம் நான் எழுதினேன். ஒரு சிக்கல் மிச்சமிருந்தது: கீழ் மேடையில் நிற்பவன் மேல் மேடையில் இருப்பவள் காலில் எப்படி ஒட்டியிருப்பான்? "அட்டைய இழுத்தா நீளும், கம்ப்யூட்டர்! இது தெரியாம என்ன படிச்ச?" என்றான் தம்பி. அவன் இடுப்பிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு சனங்களின் தலைக்கு மேலே மைதானம் முழுக்க வந்தது. எங்கள் மேடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கயிறு உடுப்பில் சேருமா என்ற சந்தேகத்தில், மேடையைத் தொடுகிறதா என்று அண்ணன் குனிந்து குனிந்து பார்த்தார்.

சனங்களுக்குத்தான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. கடைசியில் கதிரைகளைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்கள்.

"என் கால்ல ஒட்டுன சனியனே!" என்று அண்ணி மைக்கில் ஆரம்பித்தார். "மூணு வருசமா குடிக்கிறியே, வயிறு ரொம்பலியா?"

"எங்க ரொம்புறது?" என்று கீழிருந்து குரல் வந்தது. "ஒங்கிட்ட ரத்தமே இல்ல! முதல்ல கிளினிக்குப் போ!"

இது நான் எழுதிய வசனம் இல்லை. அதற்குப் பிறகு நான் எழுதியது எதுவுமே வரவில்லை. சிறுவயதில் யார் யாருடைய பங்கு ரொட்டியைத் தின்றது என்பது வரைக்கும் போயிற்று. மைதானம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது அண்ணி ஒரு கிலோ உப்புப் பக்கெட்டை, பிரிக்காத பொட்டலமாக, எடுத்தார். உப்பு பட்டால்தான் அட்டை விடும். கழுத்துப் படங்கு பறக்க ஓடி வந்து, முழுப் பலத்தோடு எறிந்தார்.

பக்கெட் பாதி மைதானம்கூடப் போகவில்லை. சனங்களுக்கு நடுவே விழுந்தது.

அப்போது எங்கள் மேடை ஓரத்திலிருந்து அண்ணன் கத்தினார்: "பாத்துக்கிட்டு இருக்கீங்களே! அவன்கிட்ட குடுங்கப்பா!"

மூன்று வருடத்தில் தம்பிக்காக அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பக்கெட் கைமாறிக் கைமாறிப் போயிற்று. நடுவில் யாரோ பிரித்து மாங்காய்க்குத் தொட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது. கீழ் மேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அடியில் கொஞ்சம்தான் இருந்தது. தம்பி அதைத் தலையில் கொட்டிக்கொண்டான். துடித்துப் பார்த்தான். விழப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்றான்.

"மச்சான்! உப்பு பத்தல! இன்னொன்னு போடுங்க!"

அண்ணன் எங்கள் மேடையிலிருந்து குதித்தார். சமையல் கொட்டிலுக்கு ஓடி ஒரு பக்கெட் உப்போடு வந்தார். எறியவில்லை, கதிரைகளுக்கு நடுவே புகுந்து, கீழ் மேடை விளிம்பு வரை தானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தார். தலைவர் எழுந்து பார்த்தார். கால் மேடையில் படவில்லை, சத்தியம் தப்பியது என்று உட்கார்ந்துவிட்டார்.

அட்டை ராஜா செத்தான். அவ்வளவு நீளமான சாவை எங்கள் தோட்டம் பார்த்ததில்லை. உருண்டான், சுருண்டான், எழுந்து மறுபடி விழுந்தான். கயிறு தொய்ந்து சனங்களின் மடியில் கிடந்தது. அப்புறம் அசையாமல் படுத்திருந்தான். கைதட்டல் அடங்கியும் எழவில்லை.

அண்ணி படங்கை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

"செத்தது போதும் தம்பி, எந்திரிச்சு வீட்டுக்கு வா. மச்சானையும் கூட்டிக்கிட்டு வா. பெட்டி இன்னும் அடுக்கல, விடிய வேன் வருது."