காட்சிக்கு முந்திய அழுகை

முதலில் வந்த இரத்தத்தை வெற்றிலைச் சாறு என்றுதான் நினைத்தேன். அப்போது கர்நாடகப் பக்கம் சாலை போடும் கூட்டத்தோடு வேலையில் இருந்தேன். வெற்றிலை போடாத ஒரு நாளும் சிவப்பாகவே துப்பினேன். அதைப் பார்த்த மேஸ்திரி மறுநாளே என்னை ஒரு லாரியில் ஏற்றிவிட்டார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல ஆறு மாதம் இருந்ததில்லை. ஓட்டலில் மாவாட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், கிணறு வெட்டினேன். எழுபதுகளின் கடைசியில் அந்த லாரி என்னை ஆரணியில் அக்கா வீட்டருகே இறக்கியது. போவதற்கு எனக்கு வேறு இடமும் இல்லை.

அரசு மருத்துவமனையில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். சளிப் பரிசோதனையும் (காலையில் வரும் முதல் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். காசநோய். வலது நுரையீரலில் குழிவு (நோய் அரித்த ஓட்டை). முதலில் தினமும் ஊசி, கூடவே ஒன்றரை வருடத்துக்கு மாத்திரை.

“ஒண்ணர வருஷமா?” என்றேன்.

“நடுவுல நிறுத்தினீங்கன்னா அடுத்த தடவ இந்த மருந்து கேக்காது. அப்புறம் உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல” என்றார் மருத்துவர். நிமிராமல் எழுதிக்கொண்டே சொன்னார்.

அக்கா வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மாமாவின் தறி. மற்றதை எனக்குக் கொடுத்துவிட்டு இருவரும் தறியோரமாகப் படுத்துக்கொண்டார்கள். என் தட்டையும் டம்ளரையும் அக்கா தனியாகக் கொதிநீரில் போட்டு எடுப்பாள். அந்த நாட்களில் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

மூன்று மாதத்தில் இருமல் நின்றது. எடை கூடியது. சளியில் கிருமி இல்லை என்று வந்தது. நோய் போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். இந்த நோய்க்காரர்கள் செய்கிற பெரிய தப்பு இதுதான். கிருமி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மருந்து பாதி வேலை முடித்திருக்கிறது, அவ்வளவே. எனக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் கால் நிற்கவில்லை. பெங்களூர் போகிற லாரி ஒன்றில் இடம் பேசி வைத்தேன். வியாழக்கிழமை காலையில் கிளம்புவது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் தறி முதலாளி வீட்டுக்கு நூல் வாங்கப் போய் வரும் அக்காவின் கண்கள் சில நாள் சிவந்திருக்கும். கேட்டால், “சாயப் பட்டறைப் புகைடா” என்பாள். பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சும் இடத்தில் விறகுப் புகை சூழ்ந்துதான் கிடக்கும். நம்பினேன்.

புதன்கிழமை மதியம் என்னைப் படத்துக்குக் கூப்பிட்டாள். கல் உடைக்கிற இடத்தில் காலை இழந்த ஒருவன், கட்டையை ஊன்றிக்கொண்டே படித்து வாத்தியாராகிற கதை. பார்த்தால் மனசுக்குத் தைரியம் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு.

மாமா தறியை விட்டு எழவில்லை. “காசு குடுத்து அழணுமா? அதான் நம்ம வூட்லயே மூணு மாசமா ஓடிகினு இருக்குதே” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“நீங்க ஒண்ணும் வர வாணாம். தறியக் கட்டிகினு கெடங்க. நீ வாடா.”

“நீ முன்னாடியே பாத்துட்டியாக்கா?”

“இல்லடா. சொல்லக் கேட்டதுதான்.”

கொட்டகையில் இடுப்பளவுச் சுவர் ஒன்று. அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். படம் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாதம் படுத்துக் கிடந்தவனுக்கு இன்னொருவன் படுத்துக் கிடப்பதைப் பார்க்க என்ன சந்தோஷம்? எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

திரையில் அவனுடைய தங்கை கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். சிரித்துக்கொண்டேதான் வந்தாள். அதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு விம்மல் கிளம்பியது.

“யம்மா, இன்னும் ஒண்ணும் ஆவலம்மா! இன்னா ஜல்தி உனக்கு!” என்று என் பக்கத்திலிருந்தவர் கத்தினார். ஆண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அடுத்த நொடி அவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். கஞ்சி அவள் புடவையெல்லாம் தெறித்தது. அவள் குனிந்து தரையைத் துடைத்தாள்.

அந்த விம்மல் அக்காவுடையது. நடுவில் மூக்கை உறிஞ்சுகிற விதம் சிறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஊசி தொடங்கிய இரண்டாம் வாரம், அந்த மருந்தால் காதிரைச்சலும் தலைசுற்றலுமாகக் கிடந்த ஒரு நாள், நான் அவள் மேல் கஞ்சி டம்ளரை வீசியிருக்கிறேன். அவளும் இப்படித்தான் துடைத்தாள். அடுத்த வேளைக்கு மறுபடி கஞ்சி வைத்தாள்.

இந்தக் காட்சி வரப்போவது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கண்ணைச் சிவக்க வைத்தது சாயப் பட்டறைப் புகை இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். “இது எத்தினியாவது தடவக்கா?”

“நாலாவது.”

“அவ்ளோ நல்லாவா கீது?”

“நல்லாலாம் இல்ல. வாத்தியாரான பெறவு அவன் பேசறது ஒரே பேஜாரு. நான் அந்தக் கஞ்சி சீனுக்குத்தான் போறது. வூட்ல அழுதா நீ பயந்துக்குவ, உங்க மாமா திட்டுவாரு. அங்க எல்லாரும் அழுதுகினு கெடக்கறாங்க. இன்னாடி ஆச்சுன்னு எவ கேக்கறா?” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அழுதுட்டு வந்தா நல்லாத் தூக்கம் வருதுடா.”

வியாழக்கிழமை லாரி நான் இல்லாமல் போயிற்று. அந்த மாதத்து மாத்திரையை நானே போய் வாங்கி வந்தேன். மிச்ச மாதங்களும் அப்படியே. ஆஸ்பத்திரி வேப்பமரம் இரண்டு முறை பூத்தது. ஒரே மரம் இரண்டு தடவை பூத்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

இதே நோய் வந்தவரை வீட்டில் வைத்திருப்பவர்கள் சிலர், அந்த மாதிரிப் படத்துக்கு அவரைக் கூட்டிப்போகலாமா, மனசு உடைந்துவிடுமா என்று என்னைக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர் போய் வரட்டும். தனியாகப் போக விடுங்கள். எங்கே போனாய் என்று கேட்காதீர்கள்.

மருந்து முடிந்த மாதம் அக்காவோடு திருமலைக்குப் படியேறிப் போனேன். நுரையீரலில் தழும்பு இருக்கும், மேடேறினால் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாதிப் படியில் தெரிந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை.

“ஐயோ, முட்டி வலிக்குதுடா” என்று அக்கா சட்டென உட்கார்ந்தாள். அவளுக்கு முட்டிவலி கிடையாது.

“எனக்கும் மூச்சு வாங்குதுக்கா” என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டி ஏறிப்போனார்கள். மூச்சு அதன்பாட்டுக்கு வந்து சேரும்வரை எங்களுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.